பித்தளைக் கதவுக்குப் பின்னால் உன்னை நிறுத்திவிட்டார்கள்

என் சண்டைக்காரத் தம்பி சுடலைக்கு,

நீ போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நல்லவனாகிவிட்டாய். உயிரோடு இருந்தவரை உன்னால் முடியாத காரியம் அது. நாங்கள் யாரும் உன்னிடம் எதிர்பார்த்ததும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை லோதி ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் குத்துவிளக்கேற்றி, மைக் வைத்து, சால்வை போட்டு உன்னை நல்லவனாக்கினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

விழாவுக்குப் பெயர் 'முதல் அகில இந்தியக் கதை விளையாட்டு மாநாடு'. அகில இந்தியா என்றால் டில்லிக்குள்ளேயே சரோஜினி நகர், கிட்வாய் நகர், லோதி ரோடு. கொஞ்சம் தள்ளி முனீர்காவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களை வெளியூர்ப் பிரதிநிதிகள் என்று அறிவித்தார்கள். உன் விளையாட்டு இவ்வளவு தூரம் பரவும் என்று நீயே நினைத்திருக்கமாட்டாய். தரியாகஞ்ச் நடைபாதையில் அட்டை கிழிந்த அமெரிக்கப் புத்தகம் ஒன்றை நீ வாங்கி வந்தபோது, காசுக்குப் பிடித்த கேடு என்றுதான் நான் சொன்னேன். அதில் சொன்ன இருபது முகப் பகடை டில்லியில் எங்கேயும் கிடைக்கவில்லை. நீ தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட மரக்காய்களை எடுத்து, பழைய பைஜாமா துணியில் பை தைத்து அதில் போட்டாய். கோணல் தையல். நான் தைத்துத் தருகிறேன் என்றதற்கு, "ஒனக்கு ஆபீஸ் இல்லையா யக்கா?" என்றாய்.

பக்கத்து வீட்டு மாமிக்கு அந்தப் பை தெரிந்ததும் நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சூதாடுகிறோம் என்று முடிவு கட்டினாள். நான் விளக்கினேன். இவன் கதை சொல்வான், மாமி. நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை அட்டையில் எழுதிக்கொண்டு அந்தக் கதைக்குள் இருப்போம். சுவர் ஏறுகிறேன், ஆற்றில் குதிக்கிறேன் என்று நாங்களே சொல்வோம். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பையிலிருந்து எடுக்கும் காய் சொல்லும். பெரிய எண் வந்தால் நடக்கும், சின்ன எண் வந்தால் நடக்காது. மாமி கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

மாநாட்டு அமைப்பாளர் யார் தெரியுமா? ராமசேஷன் சார். உன் செக்‌ஷன் ஆபீசர். பதவியில் பெரியவர் என்பதால் கதையிலும் தன் வீரன்தான் முன்னால் நடக்கவேண்டும் என்று இரண்டாவது வாரமே பிடிவாதம் பிடித்து, இருட்டில் முன்னால் நடந்து, கிணற்றில் விழுந்து செத்தாரே, அவரேதான். காய் மூன்று வந்தது. மறுபடி எடுக்கிறேன் என்றார். நீ விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆபீசில் உன்னோடு பேசவில்லை. உன் லீவு விண்ணப்பம் அவர் மேசையில் ஊறுகாயாகக் கிடந்தது. மாநாட்டில் அந்த மனுஷர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம முத்து மாதிரி ஒரு சாது இந்த டில்லியிலேயே கிடையாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை" என்றார். சுடலைமுத்து என்ற முழுப்பெயர்கூட அவருக்கு வாயில் வரவில்லை.

அதிர்ந்து பேசாதவன் நீயா? கதைக்கு நீ போட்ட வரைபடத்தின்மேல் முறுக்குக் கையை வைத்ததற்காக ஜோசப்பை வாசல்வரை துரத்தினவன் நீ. பால் பூத் வரிசையில் முன்னால் நுழைந்த ஒரு கர்னலிடம் எந்தச் சண்டையில் வாங்கிய பதவி என்று ஹிந்தியில் கேட்டவன் நீ. கூட்டம் கைதட்டியது. நான் கைகளை மடியில் வைத்திருந்தேன்.

தலைமை விருந்தினர் ஒரு துணைச் செயலாளர். விளையாட்டு என்று எழுதியிருந்ததால் டென்னிஸ் சட்டையில் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஜோசப்பை உட்காரவைத்துவிட்டார்கள். நம் மேசையின் நாகர்கோவில்காரன், ஸ்டெனோ, இந்த மாதிரி இடத்தில் வாயைத் திறக்கக்கூடாதவன்.

"இதுல யாருப்பா ஜெயிக்கறது?" என்று கேட்டார் அவர்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க சார்."

"சரி, தோக்கறது?"

"அதுவும் இல்ல சார்."

"பின்னே எதுக்குய்யா ஆடறீங்க?"

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஆடத்தான் சார்."

அவர் யோசித்தார். பிறகு எழுந்து, இளைஞர்களிடம் போட்டி மனப்பான்மை வளரவேண்டும் என்று நெடுநேரம் பேசி, வெற்றி பெறுபவருக்கு உன் பெயரில் ஒரு சுழற்கோப்பை அறிவித்தார். கோப்பை தயாராக மேசையில் இருந்தது. உன் பெயரை ஏற்கெனவே அதில் பொறித்திருந்தார்கள்.

வரவேற்புரை, இரங்கலுரை, வாழ்த்துரை, மௌனம், சாம்பார் சாதம். இதெல்லாம் முடிந்து விளையாட்டுக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. நான் அதற்காகத்தான் போயிருந்தேன், சுடலை. யாராவது ஒரு புதுக் கதை சொல்வார்கள், நான் அதற்குள் போய் கொஞ்ச நேரம் உன் அக்காவாக இல்லாமல் இருக்கலாம் என்று.

ராமசேஷன் சார் நம் மூன்று பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார். என்னை, ஜோசப்பை, ஹரியை. மற்றவர்கள் பார்வையாளர்கள். "முத்து பாதியிலே விட்டுட்டுப் போன கதையை இன்னிக்கு நான் முடிச்சு வைக்கப்போறேன். அதுதான் அவனுக்கு நாம செய்யற அஞ்சலி" என்றார்.

எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். தூத்துக்குடி உப்பளத்துக்கு அடியில் புதைந்த நகரம். ஏழெட்டு மாதம் எங்களை அதில் அலையவிட்டாய். கடைசி ஞாயிற்றுக்கிழமை பித்தளைக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய். "கதவு லேசா தெறந்திருக்கு. உள்ள யாரோ இருமுறாங்க" என்றாய். அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எங்களை எழுப்பிவிட்டாய். செவ்வாய்க்கிழமை மழையில் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனாய்.

ஒன்று கேட்கிறேன். யாராவது கயிற்றில் இறங்குகிறேன் என்றால் என்ன கேட்பாய்? "கல்லு நனஞ்சிருக்கு. ஒத்தக் கையாலதான் பிடிச்சிருக்க. நல்லா யோசிச்சியா?" என்று மூன்று தடவை கேட்பாய். ஹரி எரிச்சலாகி, "அரே பாய், யோசிச்சாச்சு!" என்று கத்துவான். அப்படிப்பட்டவன் நனைந்த படிக்கட்டில், ஒற்றைக் கையோடு, இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு. பின்னாலேயே இன்னொரு பஸ் காலியாக வந்ததாம். யாரைக் கேட்டு ஏறினாய்? உனக்கு என்ன அவ்வளவு அவசரம், அந்த ஆபீசுக்கு, அந்த ராமசேஷனுக்குக் கீழே வேலை பார்க்க?

சரி, மேடைக்கு வருகிறேன்.

ராமசேஷன் சார் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "கதவு திறக்கறது. உள்ளே ஒரே ஜோதி. அந்த ஜோதிக்கு நடுவிலே, பட்டு வேஷ்டி கட்டிண்டு, சிரிச்ச முகமா நிக்கறது யாரு?" ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். "நம்ம முத்துதான்!"

கைதட்டல். பின்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள். அவள் உன்னைப் பார்த்ததே கிடையாது.

நீ பேச ஆரம்பித்தாய். அதாவது, அவர் வாயால். "அக்கா, அழாதே. நான் சௌக்கியமா இருக்கேன். எல்லாரும் ஒத்துமையா இருங்கோ. பெரியவா சொல்றதைக் கேளுங்கோ." இன்னும் ஏதோ கடமை, நேரந்தவறாமை. நேரந்தவறாமையைப் பற்றி நீ!

நம் மேசையில் உனக்கு ஒரே ஒரு விதிதான் கல்லில் எழுதினது. செத்தவர் திரும்பி வரமாட்டார். அந்த அமெரிக்கப் புத்தகத்தில் திரும்பி வர மந்திரம் இருந்தது. அந்தப் பக்கத்தை நீ மையால் அடித்தாய். கதையில் என் பாத்திரமான ஓடக்காரி முதல் மழையிலேயே முழுகிச் செத்தபோது நான் நிஜமாகவே அழுதேன். மந்திரத்தைப் பழையபடி சேர்த்துக்கொள் என்று உன்னோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். "செத்தா செத்ததுதான் யக்கா. புது அட்டை எழுது. இல்லாட்டி நாளைக்கு எவனும் எதுக்கும் பயப்பட மாட்டான்" என்றாய். சோறு போடமாட்டேன் என்றேன். அப்போதும் மாற்றவில்லை. கூடப் பிறந்தவளுக்காக மாற்றாத விதியை உனக்கு அஞ்சலி என்று சொல்லிக்கொண்டு மாற்றிவிட்டார்கள்.

"நான் கதவைச் சாத்துறேன்" என்றேன்.

ராமசேஷன் சார் கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

"கதவு முன்னாலதான நிக்கேன். அதச் சாத்துறேன்."

"பேச்சியம்மா, உன் தம்பி பேசிண்டிருக்கான்."

"எங்க கதையில செத்தவுக பேச மாட்டாக சார். உள்ள இருக்கது ஏதோ வேஷம் போட்டுக்கிட்டு நிக்கி. நான் சாத்துறேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. துணைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ராமசேஷன் சாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவர் அரசாங்க ஊழியர். விதி இருக்கிறது என்றால் மீறமாட்டார், கடினமாக்குவார். "பித்தளைக் கதவு. யானை பலம் வேணும். பதினெட்டுக்கு மேலே வந்தாத்தான் சாத்தலாம். வரலேன்னா உள்ளே இருக்கற ஜோதி உன்னை இழுத்துக்கும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அமெரிக்காவிலிருந்து தருவித்த பளபள பகடையை நீட்டினார். வேண்டாம் என்று பைஜாமாப் பையை எடுத்தேன். கையை விட்டேன். ஆறு.

"ஆச்சா? உட்காரு" என்றார். "ஜோதி உன்னை இழுக்கறது. முத்து கையை நீட்டி..."

"இருங்க சார், நானும் சேந்து தள்ளுறேன்" என்றான் ஜோசப். துணைக்கு வருகிறவனும் ஒரு காய் எடுக்கலாம், ஒருவனுக்கு வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரி. அதுவும் உன் விதிதான். ஜோசப் எடுத்தான். பதினொன்று. அவன் காயை மேசையில் வைத்த சத்தம் மைக்கில் கேட்டது.

ஹரியைப் பார்த்தேன். அவன் பாங்க்கில் இன்னும் நிரந்தரமாகவில்லை. ராமசேஷன் சாரின் மைத்துனர்தான் அங்கே மேனேஜர். பிறந்து வளர்ந்தது கிட்வாய் நகர், தமிழ் பாதி, ஹிந்தி பாதி. ராமசேஷன் சார் அவனிடம் மெதுவாக, "ஹரி, நீ சின்னப் பையன். வேண்டாம்டா" என்றார்.

"சார், முத்து அண்ணா என்னை டெய்லி திட்டுவார்" என்றான் ஹரி. "கதா, உல்லூ, கழுதை, ஆந்தை எல்லாம் சொல்வார். ஒருநாள்கூட 'ஒத்துமையா இரு'ன்னு சொன்னது இல்ல. அந்தர் வாலா, உள்ள இருக்கறது, யாரோ வேற ஆள். நானும் தள்றேன்."

பையில் கையை விட்டான். நான் பார்க்கவில்லை. ஜோசப் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் நிமிர்ந்தேன். பத்தொன்பது.

கதவு சாத்திக்கொண்டது, சுடலை. ராமசேஷன் சாரே அதைச் சொல்லவேண்டியிருந்தது. அவர்தானே கதைசொல்லி. "கதவு... சாத்திண்டாச்சு" என்று மைக்கில் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. முனீர்கா பிரதிநிதிகள் மட்டும் எழுந்து நின்றார்கள். கிளம்புவதற்காகவும் இருக்கலாம். கோப்பையை உன் சார்பில் ராமசேஷன் சாரே வாங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தார். "கூடப் பிறந்தவன் முகத்திலேயா கதவைச் சாத்துவா? உனக்கு அவன்மேல கொஞ்சமாவது பாசம் இருக்கா?" என்று கேட்டார். மேடையில் பேசியதைவிட இது உண்மையாக இருந்தது. அவருக்கும் உன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை போலும். ஒரு வருஷம் பேசாமல் இருந்த ஆளுக்கு அஞ்சலி எப்படிச் செய்வது? பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. "அது அவன் முகம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இப்போது எனக்கு ஒரு கஷ்டம். உள்ளே இருமியது யார் என்று இனி தெரியப்போவதில்லை. யாரிடமும் சொன்னாயா? உனக்கே தெரியுமா, அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாயா? இதற்காகவே உன்னைப் பிடித்து நாலு சாத்து சாத்தவேண்டும் போலிருக்கிறது.

மாநாட்டு மலருக்கு உன் நற்குணங்களைப் பற்றி அரைப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் அனுப்பப்போகிறேன். போடமாட்டார்கள். வேறு யாராவது போடுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நம் வீட்டில் நான் கதை சொல்கிறேன். ஜோசப்பும் ஹரியும் வருகிறார்கள். பக்கத்து வீட்டு மாமியும் ஒரு அட்டை கேட்டிருக்கிறாள். கொள்ளைக்காரியாக இருக்கவேண்டுமாம். உப்பளம் கிடையாது, உன்னுடைய எதுவும் கிடையாது, எனக்கு வருகிற கதை. அதில் உன்னைப்போல் யாரும் இருக்கமாட்டான், உன் குரலில் யாரும் பேசமாட்டான். அடுத்த மாநாட்டுக்கும் போவேன். அதற்கு அடுத்ததற்கும் போவேன். நீ சாது என்று எவன் மைக்கைப் பிடித்தாலும் எழுந்து நின்று, அவன் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பொய் என்று சொல்வேன். நான் இருக்கும்வரை உன்னை நல்லவனாக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்தவள்,
பேச்சி அக்கா
சரோஜினி நகர், புது டில்லி