ஆந்தூரியத் தொட்டியில் காப்பி

ஜெர்வின் அப்பாவுக்கு,

நீங்கள் நடை போய்த் திரும்பும்வரை பஸ் நிற்காது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கண் காட்டப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே. சோறும் புளிக்குழம்பும் மேசையில் மூடியிருக்கின்றன.

ஹாலில் பூத்திருக்கிற ஆந்தூரியத்தில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, இலையின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு யோகேஸ்வரி நேற்றுப் பார்த்துவிட்டு, "எறும்புதான் ஆச்சி இதக் கொண்டாந்து விடும். தொட்டில இனிப்பா என்னத்த ஊத்துனீய?" என்றாள்.

"நான் ஒண்ணும் ஊத்தலையேட்டி" என்றேன். அவள் போன பிறகு மண்ணை முகர்ந்து பார்த்தேன். காப்பி வாசம்.

ஜெர்வினோடு போய் இருப்போமா என்று நான் கேட்டதிலிருந்து ஒன்பது நாளாக நீங்கள் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் தினமும் டம்ளர் காலியாக இருந்தது. நான் போட்ட காப்பியையாவது குடிக்கிறீர்களே என்று, அதைக் கழுவும்போதெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏசம்மாள்

இன்னொன்று: பிளாஸ்கில் இன்றைக்கும் காப்பி இருக்கிறது. செடிக்கு ஊற்ற வேண்டாம். பிடிக்கவில்லையென்றால், நான் வந்ததும் "வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையாவது இந்த வீட்டில் கேட்கட்டும்.