பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகள்

நவம்பர் 10, திங்கள்

பருத்திக்காட்டில் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் இன்று ஆறு அந்துப்பூச்சிகள். தொடர்ந்து மூன்று நாள் எட்டைத் தொட்டால்தான் மருந்து அடிக்க வேண்டும் என்று வேளாண் கையேடு சொல்கிறது. அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது.

மரபணு மாற்றிய பி.டி. விதை வந்தபின் பச்சைப்புழுவுக்கு மருந்தே அடிப்பதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். உண்மைதான். ஆனால் இந்த அந்துப்பூச்சியின் முட்டையிலிருந்து வரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விதைக்குப் பழகிவிட்டது. அதற்குப் பயந்து வாராவாரம் மருந்து அடித்தால் நன்மை செய்யும் பொறிவண்டும் தேனீயும் சாகும். அப்புறம் பி.டி. எதற்கு?

நவம்பர் 12

காற்றில், பொறிக்குக் கீழே பூச்சி விழும் பாலித்தீன் பை கிழிந்தது. அம்மா வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் துணியை வெட்டி, கிழிசலைச் சுற்றிக் கட்டினேன்.

நவம்பர் 15

கடந்த மூன்று நாளும் பொறியில் இரண்டு, ஒன்று, இரண்டு. "மருந்து வேண்டாங்கப்பா" என்றேன். அப்பா மருந்தடிக்கும் மெஷினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

பக்கத்துக் காட்டு லிங்கசாமி மாமா, "புள்ள பூச்சி எண்ணி நீ பருத்தி எடுக்கப் போறயாக்கும்?" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

பனியன் துணி சுருண்டு மேலே ஏறி, கிழிசல் திறந்து கிடக்கிறது. எத்தனை பூச்சி பறந்து போச்சோ. சொன்னால் இனி என் எண்ணிக்கையை யார் நம்புவார்? சொல்லாவிட்டால் – பருத்தி போயிரும்.

சொல்லிவிட்டேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பனியன் துணிய வெட்டுனா ஓரம் சுருளும்னு தெரியாதா கண்ணு? மடிச்சுத் தைக்காம யாராச்சும் கட்டுவாங்களா?"

அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். இருபது பச்சைக் காய்களைப் பிளந்தோம். இரண்டில் புழு இருந்தால் மருந்து. ஏழாவதில் ஒன்று நெளிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் விரலால் விரித்துப் பார்த்தேன். இருபதாவதும் சுத்தம்.

"ஒண்ணுதானுங்களா, டீச்சரம்மா?" என்று அப்பா கேலியாக என்னைக் கேட்டார்.

"ஒண்ணுதானுங்க."

"செரி, புதுப் பை வாங்கிக் கட்டு."

டிசம்பர் 21

இரண்டாம் பருத்தி எடுப்பு. வாராவாரம் காய் பிளக்கிறோம். இதுவரை ஒரே ஒரு முறைதான் மருந்து. பூவெல்லாம் தேனீ.

ஜனவரி 18

கடைசி எடுப்பு முடிந்தது. அப்பா லிங்கசாமி மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வருசம் மறுகாய்ப்புக்கு உடாம செடியப் புடுங்கிப்போடறன். அடுத்த வருசப் புழுவுக்கு நாம எதுக்குச் சோறு போடோணும்?"

மறுபடி காய்க்க விட்டால் புழு அந்தச் செடியிலேயே தங்கிவிடும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. பூச்சி எண்ணும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மட்டும் வைத்திருந்தேன்.