கலவை மெஷின் கழுவிய தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். எனக்கும் போனில் வார்த்தை வருவதில்லை. நேரில் என்றால் "ஏய் ஊமைக்கோட்டான், வாயத் தொற" என்று தலையில் குட்டுவாய். காகிதம் குட்டாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று அத்தான் கேட்டாராமே. குழந்தைகளுக்கான நூலகம் ஒன்று கட்டுகிறோம்; கட்டட வேலையை மேற்பார்ப்பது நான். முகப்பில் அலைபோல் வளைந்த நீளச் சுவர். அதற்குப் பூச்சும் இல்லை, பெயிண்டும் இல்லை. வெள்ளை சிமெண்டில் சிவப்புப் பொடியை எடைபோட்டுக் கலந்தால் கான்கிரீட்டே இளஞ்சிவப்பாக வந்துவிடுகிறது. டைல்ஸ் இடுக்கை அடைக்கத்தானே வெள்ளை சிமெண்ட் என்று நீ சிரிப்பாய். கல்லூரிக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தச் சுவரைப் பிள்ளைகள் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் இதே நிறம்தான். ஆனால் செல்லமாக வளர்ந்த பிள்ளை மாதிரி, எதையும் பொறுக்காது. ஒரு குவளைத் தண்ணீர் கூடினாலும், ஒரு கை சாதா சிமெண்ட் சேர்ந்தாலும் முகத்தில் காட்டிவிடும்.

அப்படித்தான் காட்டிவிட்டது. சுவரின் மேல் அடுக்கைப் போட்ட அன்று, காலையில் அதே கலவை மெஷினில் வடிகாலுக்குச் சாதா கான்கிரீட் ஓடியிருந்தது. தண்ணீர் தெளிவாக வரும்வரை மெஷினைக் கழுவ வேண்டும். அதைப் பார்ப்பது என் பொறுப்பு. கழுவிய சித்தாள் அக்காவின் விரலில் துணி சுற்றியிருந்தது. சிமெண்ட் அரித்த விரல். இரண்டு வாளி ஊற்றிவிட்டு, "போதுமா மேடம்?" என்றார். வழிந்த தண்ணீர் இன்னும் சாம்பலாகவே இருந்தது. கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே "போதும்க்கா" என்றேன்.

நான்காம் நாள் கான்கிரீட்டைத் தாங்கிய பலகையைப் பிரித்தால், மேல் அடுக்கில் கை நீளத்துக்குச் சாம்பல் கறை. கன்னத்தில் கரி அப்பியது போல. எங்கள் ஆர்க்கிடெக்ட் சார் வந்து பார்த்தார். "மெஷினக் கழுவக்கூட ஆளில்லையா? மேஸ்திரி, நாளையிலிருந்து உங்க ஆளுங்க வேண்டாம். வேற ஆளுங்களப் பாத்துக்கறேன்" என்றார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு பேரின் பிழைப்பு அது. அந்த அக்கா சட்டியை இடுப்பில் வைத்தபடி நின்றார். 'மேடம்தான் போதும்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான்தான் போதும்னு சொன்னேன் சார்."

என் குரல்தான். எலிக்குஞ்சு கத்தியது போல இருந்தது. சார் திரும்பி, "தெரிஞ்சேவா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் சார். எங்க அக்காவும் சட்டி தூக்கினவங்க. அவங்க தூக்கினதாலதான் நான் படிச்சேன். இவங்க கையப் பாத்ததும் இன்னொரு தடவை கழுவுங்கன்னு சொல்ல வாய் வரல."

மேஸ்திரி பின்னாலிருந்து, "அட, மேடத்துக்குப் பேச்சு வருமா!" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சார் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "நீ அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா அவங்களுக்கு ரெண்டு வாளித் தண்ணியோட போயிருக்கும். இப்போ இதே கையால இடிக்கணும்" என்றார். ஆட்களை மாற்றவில்லை. என்னையும் அனுப்பவில்லை. ஆனால் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. என் இரக்கத்தால் அந்தக் கைக்குத்தான் கூடுதல் வேலை.

மேல் அடுக்கை மூன்று நாள் இடித்தார்கள். மறுபடி போட்ட அன்று நான் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். நாலாவது தடவை கழுவியதும் "போதுமா?" என்றார் அந்த அக்கா. "இன்னும் ஒரு தடவைக்கா" என்று சொல்லி வாளியை நானே தூக்கினேன். "தொறக்காத வாயி தொறந்தா இப்படித்தான் போல" என்று முணுமுணுத்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று பலகை பிரித்தோம். கறை இல்லை. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மட்டும் முடி போல ஒரு கோடு, கிட்டே போனால் தெரியும்.

அக்கா, சாரிடம் உன்னைப் பற்றிச் சொன்ன பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. நான் பட்டம் வாங்கிய நாளில் நீ புதுத்துணி உடுத்தி, சிமெண்ட் வெடிப்பு தெரியாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவி வந்திருந்தாய். கூடப் படித்தவள் உன்னைக் காட்டி "யார் இவங்க?" என்று கேட்டபோது, "தெரிஞ்சவங்க" என்றேன். நீ தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தாய். அது உன் காதில் விழுந்ததா என்று நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகுதான் போனில் உன் பேச்சு சுருங்கியது. எனக்குத் தெரியும்.

அடுத்த மாதக் கடைசியில் நூலகம் திறக்கிறார்கள். அத்தானிடம் லீவு கேட்கச் சொல். அவருக்குக் கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்பேன். சார், மேஸ்திரி, அந்த அக்கா எல்லோரும் இருப்பார்கள். கையில் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். அப்படியே வா. யாராவது "யார் இவங்க?" என்று ஒரு தடவை கேட்கட்டும். அதற்காகவே காத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வழி பார்த்திருக்கும்
உன் தங்கை