வாய்ப்பூட்டு

என்னங்க,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி போனில் நச்சரிக்கக் கூடாது.

ஆய்வகத்தில் ஒரே கூத்து. உருளைப்புழுவுக்குள் முட்டையாகப்போகும் செல்லில், உடம்பைக் கட்டுவதற்கான செய்தி முன்கூட்டியே வந்து கிடக்கும். ஆனால் ஒரு காவல் புரதம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, நேரம் வரும்வரை அந்தச் செய்தியிலிருந்து எதையும் தயாரிக்க விடாது. அந்த வாய்ப்பூட்டைக் கழற்றிப் பார்த்தோம். முட்டையாகும் முன்பே செல்களெல்லாம் நரம்பும் தசையுமாகிவிட்டன. ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.

"அவசரக்குடுக்கைங்க!" என்று தோழி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை நாம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் "இல்லை, கலைந்துவிட்டது" என்றோமே, அதுதான் ஞாபகம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். நானும் படித்தவள்தான்.

இப்போதெல்லாம் ரசாயன வேலை முழுக்கத் தோழிதான் செய்கிறாள். ஏனென்று கேட்காதீர்கள். அத்தையிடம் சொல்லவும் ஒன்றுமில்லை.

ஆங், மாடிவீட்டு அக்கா தொட்டிலைக் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
புழுக்காரி