அப்பாவின் பல்லைப் பிடுங்க வேண்டாம்

சென்னை
13-2-1974

அம்மாவுக்குக் காத்தையன் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா?

அப்பாவுக்குப் பல் ஆடுகிறது, சனிக்கிழமை மன்னார்குடியில் பிடுங்கப் போகிறார் என்று எழுதியிருந்தாய். அதை நிறுத்து. நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கு நேற்று நன்னிலம் பக்கத்து மிராசுதார் ஒருவர் வந்தார். ஈறு வீங்கிப் பல் ஆடியது, ஓயாத தாகம் வேறு. எல்லாம் அப்பாவுக்கு இருப்பதுதான். சோதித்தால் சர்க்கரை வியாதி!

"எங்க அப்பாவுக்கும் இதேதான் டாக்டர்," என்றேன்.

மிராசுதார் சிரித்தார். "கூலிக்காரனுக்கு ஏதுடா சர்க்கரை? அது நெய்ச்சோறு திங்கிறவன் வியாதி."

நாமும் அப்படித்தானே நம்பினோம்?

"சர்க்கரை என்ன, பட்டா பார்த்தா வருது?" என்றார் டாக்டர்.

"நிலத்தைத்தான் விடல, வியாதியையுமா எங்களுக்கு விடமாட்டீங்க?" என்று நானும் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் வேலைக்கு வராதே என்றார்கள், அவ்வளவுதான்.

சர்க்கரையைக் குறைக்காமல் பிடுங்கினால் புண் லேசில் ஆறாதாம். ஈற்றைச் சுத்தம் செய்து மருந்தும் சாப்பிட்டால் சில பற்கள் தங்கிவிடுமாம், அம்மா! முதலில் அவருக்குச் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். செங்கல் தூளால் தேய்க்க வேண்டாம், புகையிலை அதக்கவும் வேண்டாம்.

உனக்குக் கடிதம் எழுதித் தருகிறவரிடம் பதிலை இரண்டு பக்கம் எழுதச் சொல். ஒரு பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. என் பழைய போர்வையையும் அனுப்பு.

கடிதம் தாமதமாகுமோ என்று இப்போதுதான் தந்தியும் அடித்தேன். தந்தி என்றதும் நான் செத்துவிட்டதாகத் தெருவே கூடி அழுதிருக்கும். அழுதது போதும், அப்பாவை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பு.

உன் மகன்
காத்தையன்