தூசி உறைக்கு எதற்குக் கைப்பிடி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், உன் அறையில் குடியேறியிருக்கும் ரயில்களும் சுகம்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு எப்போதும் அதே நினைப்பு. உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் அதெல்லாம் சரியாப் போச்சும்மா என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே இருமுகிறாய். போனிலேயே பேசலாமே, எதற்கு இப்போது கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது? அதனால்தான் துணி வெட்டும் மேஜையில் இடம் ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன். கோர்வையாக வராது, என் மண்டை கொஞ்ச நாளாகவே ஒரு நிலையில் இல்லை, நீதான் முன்னே பின்னே சேர்த்துத் தைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய வீடாப் பார்த்துக் குடி வந்தாச்சு, கீழேயே உங்களுக்கு ஒரு ரூம் இருக்கு, அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க என்று நீ சொன்னாயே, அன்றைக்கு உன் அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வர்றோம்னு சொல்லிடு என்று என்னிடம் கையைக் காட்டினார். நீ பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மாப்பிள்ளை ஏதோ கேட்டதும் ஸ்பீக்கரில் விழுந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். சரி, உன் அப்பா முடிவு பண்ணிவிட்டார், எந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது, எதை யாருக்குக் கொடுப்பது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனவர் ஒரு வண்டி பிளைவுட் பலகையோடு வந்து இறங்கினார். எதுக்குங்க இது, நாமதான் கிளம்பப் போறோமே என்றேன். ரயிலுக்கு என்றார். பலகையையெல்லாம் உன் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் ஒரு வட்டத் தண்டவாளமும் ஒரு எஞ்சினும் வாங்கி வந்து தரையில் ஓட்டியது உனக்கே தெரியும். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக மேலேயும் கீழேயும் போய் வந்தவர், கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்ப் பார்க்கட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அது ஒரு ஊராகவே வளர்ந்துவிட்டது. உன் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தாகிவிட்டது. அறையைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்த பலகைகள், அதன் மேல் தண்டவாளம். செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து மலை செய்திருக்கிறார். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்துப் பிய்த்து மரம் நட்டிருக்கிறார், நான் அடுப்படியில் நார் இல்லாமல் அல்லாடுகிறேன். என் குண்டூசியெல்லாம் சிக்னல் கம்பம் ஆகிவிட்டது. இதில் உச்சம் என்னவென்றால், உன் துணி அலமாரியின் நடுத்தட்டில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுவிட்டார். ரயில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது, சுரங்கமாம். அந்த ஓட்டையைப் பார்த்ததும்தான் எனக்குக் குழப்பம் முற்றிப்போனது. இந்த வீட்டை விட்டுப் போகிறவர்தானே அலமாரியைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டை போடுவார் என்று ஒரு மனசு சொல்கிறது. போகிற எண்ணமே இல்லாதவர்தானே இவ்வளவு மெனக்கெட்டுச் சுரங்கம் வெட்டுவார் என்று இன்னொரு மனசு சொல்கிறது. நேராகக் கேட்டால், போகத்தான் போறோம் என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆணியை வாயில் கவ்வுகிறார்.

எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்திருக்கிறார், சிரிக்காதே. கதவோரப் பலகையில் இருக்கும் ஸ்டேஷனுக்கு நான்தான் பொறுப்பு. என் தையல் மிஷின் கதவை ஒட்டி வெளியே கூடத்தில் இருப்பதால் அங்கிருந்தே பார்க்கலாமாம். பழைய லிஃப்டில் கழற்றிய மணி ஒன்றை அவர் பக்கமும் ஒன்றை என் மிஷினுக்குப் பக்கத்திலும் மாட்டி, லிஃப்ட் பட்டனையே பொருத்தியிருக்கிறார். அவர் பட்டனை ஒரு தரம் அழுத்தினால், வண்டி அனுப்பலாமா, அங்கே பாதை காலியா என்று அர்த்தம். நான் எட்டிப் பார்த்து, காலியாக இருந்தால் இரண்டு தரம் அழுத்த வேண்டும். பதில் மணி வராமல் அவர் வண்டியை ஒரு இம்மிகூட நகர்த்த மாட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது, நீங்களே பார்த்து அனுப்புங்களேன் என்றால், அது எப்படி, எதிர் ஸ்டேஷன் சொல்லாம அனுப்பறதுக்கு நான் என்ன ரௌடியா என்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு விரல் நீள ரயிலை நகர்த்த என்னிடம் இத்தனை மரியாதையாக அனுமதி கேட்கிறவர், நம் பெண்ணிடம் போய் இருக்க உனக்கு இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

இதற்கு நடுவில் தடித்த துணியில் பஞ்சு வைத்துப் பெரிய பெரிய உறைகள் தைத்துத் தரச் சொன்னார். எதுக்கு என்றேன், பலகைக்கு, தூசி படியாம இருக்க என்றார். அளவு கொடுத்தார், வெட்டினேன். ரெண்டு பக்கமும் கைப்பிடி வைச்சுடு, நல்லா அழுத்தமா தையல் போடு என்றார். தூசிக்குப் போடுற உறைக்குக் கைப்பிடி எதுக்குங்க என்று கேட்டேன். இருக்கட்டுமே, இருந்தா உன்னைக் கடிக்குதா என்றார். திருதிருவென்று முழித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். இவர் எங்கேயும் அசையப்போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டதால், பள்ளிக்கூடத்துக்காரர் வந்து அடுத்த வருஷத்துக்கும் யூனிஃபார்ம் நீங்கதானே தைப்பீங்க என்று கேட்டபோது சரி என்றுவிட்டேன். துணிக்கட்டு வந்து கூடத்தில் இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார், அன்று முழுக்க மணியே அடிக்கவில்லை.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். போன வாரம் ரயில் என் ஸ்டேஷன் வளைவில் திரும்பும்போது கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது. காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. மிஷின் சத்தம் போட்டால் நான் என்ன செய்வேன்? எண்ணெய் போடுவேன். அவர் கடைக்குப் போயிருந்த நேரம், மிஷின் எண்ணெயைப் பழந்துணியில் நனைத்து, பாவம் மனுஷனுக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று, மலையைச் சுற்றி, அலமாரிக்குள் கையை விட்டு, ஒரு இடம் பாக்கி வைக்காமல் தண்டவாளம் முழுக்கப் பளபளவென்று தடவிவிட்டேன். சத்தம் நின்றது. கூடவே ரயிலும் நின்றது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது, இல்லாவிட்டால் விக்கிவிக்கிப் போய்ப் படுத்துவிடுகிறது. அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்குக் கரண்ட் போகிறதாம், எண்ணெய் பட்டால் அழுக்கு ஒட்டிக்கொண்டு கரண்டை விடாதாம், எனக்கு எப்படித் தெரியும்? அவர் ஒயரில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் ஒயராகத் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் சோறு தண்ணி மறந்து எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தார். எண்ணெய்க்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை, விளக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன்.

லீவு நாளில் வந்து அப்பாவோடு கூட்ஸ் வண்டி ஓட்டி விளையாடுகிற மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். தண்டவாளத்தில் விரலை வைத்துத் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய், ஏங்க, இது தையல் மிஷின் எண்ணெய் வாசனைதானே என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று பார்த்தால், மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வர வரச் சிரிக்கிறார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அப்போதுதான் நான் அறையை நிமிர்ந்து பார்த்தேன் குட்டிம்மா. ஊர் முழுவதும் தனித்தனிப் பலகையாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. எங்கேயும் ஒரு ஆணி சுவரில் அடித்திருக்கவில்லை. பலகைக்குப் பலகை கையாலேயே திருகிக் கழற்றுகிற போல்ட்தான், ஒயர்களெல்லாம் பிளக் வைத்தவை, எது எதோடு சேரும் என்று என் நூல்கண்டிலிருந்து எடுத்த கலர் நூலைக் கட்டி வைத்திருக்கிறார். ஒரு பலகையை எடுத்து நான் தைத்த உறைக்குள் விட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், தூக்க முடிகிறது. மருந்துக்கடைக்காரர் மாடி ஏறும்வரை பொறுத்திருந்து, அப்போ இது எடுத்துட்டுப் போறதுக்கா என்று கேட்டேன். பின்ன, விட்டுட்டுப் போறதுக்கா என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கிளம்ப மாட்டேன்னு நினைச்சேன், அடுத்த வருஷ யூனிஃபார்முக்குத் துணி வாங்கி அடுக்கிட்டியே, உன்னை எப்படிப் பிடிச்சு இழுக்கறது என்றார். நீங்க கிளம்ப மாட்டீங்கன்னுதானே நான் ஆர்டரே எடுத்தேன் என்றேன். இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அசடு வழிய நின்றோம்.

அதோடு குழப்பம் தீர்ந்தது என்று நினைக்காதே, இப்போதுதான் கூடியிருக்கிறது. இத்தனை நாள் அவர் வருவாரா மாட்டாரா என்றே கவலைப்பட்டதில் எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. யோசித்துப் பார்த்தால், உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பேத்திக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று ஆசை ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அன்றைக்கு ஸ்பீக்கரில் விழுந்ததைச் சொல்கிறேன் என்றேனே. அப்போ என் மேஜை எங்கே போகும் என்று மாப்பிள்ளை உன்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நீ சட்டென்று பேச்சை மாற்றினாய். எங்களுக்கென்று சொன்ன அறை அவர் உட்கார்ந்து வேலை பார்க்கிற அறைதானே? அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் மேஜையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நாங்கள் ஒரு ஊரையே கொண்டுவந்து இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ எங்களைக் கூப்பிட்டது ஆசையிலா, வயசானவர்கள் தனியாக இருக்கிறார்களே என்ற கடமைக்கா, அதுவும் எனக்குப் புரியவில்லை. இரண்டும் கலந்திருந்தாலும் தப்பில்லை, எது எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

அதனால் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசு. என் பொருட்டுச் சண்டை போடாதே. பேசிய பிறகு எனக்கு மட்டும் எழுது, போனில் சொல்லாதே. வாங்க என்றால் அந்த அறைக்கதவின் அகலத்தையும் அளந்து எழுது. இப்போ வேண்டாம்மா என்றாலும் எழுது. வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வருத்தப்படுவேன், நாலு நாள் அழுவேன், பிறகு யூனிஃபார்ம் தைக்க உட்கார்ந்துவிடுவேன். நீ என் பெண் இல்லை என்று ஆகிவிடாது.

இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. பேத்தியை வெறுங்காலோடு தரையில் விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் முகம் கோணாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

தண்டவாளத்தையெல்லாம் துடைத்து அப்பா மறுபடி மாட்டிவிட்டார். நேற்று முதல்முறையாக என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நிஜமாவே கேக்கறேன், பொண்ணு வீட்டுக்குப் போலாமா, உனக்கு இஷ்டம்னா மணியடிச்சு சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே போய் ஒரு தரம் பட்டனை அழுத்தினார். என் விரல் பட்டன் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. எனக்கு அடுத்த ஸ்டேஷன் நீதானே, உன்னைக் கேட்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது? அவர் வண்டியை நகர்த்தாமல் காத்திருக்கிறார். அங்கே பாதை காலியா கண்ணு?

உன் பதிலுக்காக மணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா