மச்சான் வராமல் இறங்க மாட்டானாம்

டீக்கடையிலிருந்து கோபம் ஆறி வந்ததும் படியுங்கள்.

என் தம்பி பாலையாவை அழைக்க, ஆரத்தித் தட்டோடு தெருவே நூல் லாரியில் ஏறி மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது. கஞ்சி உறியில் இருக்கிறது.

“சொல்லாமச் சிங்கப்பூர் போனவனை நான் எதுக்குக் கூப்பிடப் போகணும்?” என்றீர்கள். அவன் கடிதத்தின் கடைசி வரியை நான் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை: “மச்சான் வந்து கூப்பிட்டாத்தான் பிளேனை விட்டு எறங்குவேன்.”

எட்டு மணி வரை லாரி நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்காக நிற்கும்.

லிங்கம்மாள்

வெள்ளை வேட்டியைப் பெட்டியில் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. கட்டிய லுங்கியோடு வாருங்கள், லாரியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அவனும் உங்களைப் போல வீம்புக்காரன். அவன் மெட்ராஸில் மாறி ஏறி வரும் பிளேன் திரும்ப மெட்ராஸ் போக வேண்டுமாம், பாவம்.